ஃபெடிவர்ஸில் சொந்தமாக ஒரு சர்வர்: கோடுசோஷியலை லினக்ஸில் நிறுவும் முறை

சொந்தமாக ஒரு சமூக வலைப்பின்னல் சர்வரை நிறுவி முடிக்க ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் அந்த மாலையில் நாம் எடுக்கும் சில முடிவுகளை, சர்வர் இயங்கும் காலம் முழுவதும் மாற்றவே முடியாது. கட்டளைகளை வரிசையாகச் சொல்லும் வழிகாட்டிகள் நிறையவே கிடைக்கின்றன. எந்தப் படியில் நிதானிக்க வேண்டும், எந்தப் படி தவறினாலும் கவலைப்படாமல் திரும்பச் செய்துகொள்ளலாம் என்பதை அவற்றில் பல சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் அதற்குத்தான் முதலிடம் கொடுக்கிறேன். லினக்ஸ் முனையத்தில் ஒரு கோப்பைத் திறந்து திருத்தத் தெரிந்த எவரும் இதைப் பின்பற்றலாம். கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். முனையத்தில் அவற்றை ஆங்கில எழுத்துகளிலேயே தட்டச்சு செய்ய வேண்டும்.

பின்தொடர்தல் என்ற ஒரு சொடுக்கில் என்ன நடக்கிறது?

ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஆயிரக்கணக்கான தனித்தனி சர்வர்களின் கூட்டமைப்பையே ஃபெடிவர்ஸ் என்கிறோம். அவை பேசும் பொது மொழி ஆக்டிவிட்டிபப் என்னும் நெறிமுறை. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு என்னும் தர நிர்ணய அமைப்பு, அதாவது டபிள்யூ3சி, 2018 ஜனவரியில் இதைத் தன் பரிந்துரையாக வெளியிட்டது. 2016 முதல் இயங்கும் மாஸ்டடான் இவ்வுலகில் பரவலாக அறியப்பட்ட மென்பொருள். படங்களுக்குப் பிக்சல்ஃபெட், காணொளிகளுக்குப் பீர்டியூப், விவாதங்களுக்கு லெம்மி என்று வேறு பலவும் இதே மொழியைப் பேசுகின்றன.

இந்த மொழியின் ஓர் உரையாடலை அருகிலிருந்து பார்த்துவிட்டால், பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தாமாகவே புரிந்துவிடும். உங்கள் சர்வரில் உள்ள @மலர் என்னும் கணக்கை, வேறொரு சர்வரில் இருக்கும் நண்பர் பின்தொடர விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சர்வர் முதலில் உங்கள் டொமைனை அணுகி, வெப்ஃபிங்கர் என்னும் முகவரியில் "மலர் என்று இங்கே யாராவது இருக்கிறாரா?" என்று கேட்கிறது. உங்கள் சர்வர் மலருடைய நிலையான இணைய முகவரியைப் பதிலாகத் தருகிறது. அந்த முகவரிக்குச் சென்றால் மலரின் பெயர், படம், அவருக்கு வரும் செய்திகளை ஏற்கும் உள்பெட்டியின் முகவரி, அவருடைய கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் பொதுத் திறவி ஆகிய அனைத்தும் ஒரே ஆவணமாகக் கிடைக்கின்றன. அதன்பின் நண்பரின் சர்வர், நண்பருடைய அந்தரங்கத் திறவியால் கையொப்பமிட்ட ஒரு கோரிக்கையை மலரின் உள்பெட்டிக்கு அனுப்புகிறது. உங்கள் சர்வர் நண்பரின் பொதுத் திறவியைக் கொண்டு அந்தக் கையொப்பத்தைச் சரிபார்த்த பின்னரே கோரிக்கையை ஏற்கிறது.

டொமைன் பெயர், திறவி, கையொப்பம் ஆகிய இந்த மூன்றும் கட்டுரை முழுவதும் திரும்பத் திரும்ப வரும்.

எந்த மென்பொருள்?

மாஸ்டடானை நிறுவ ரூபி, நோட்.ஜேஎஸ், போஸ்ட்கிரெஸ்கியூஎல், ரெடிஸ் ஆகியவை வேண்டும். வலைப்பக்கத்துக்கும் பின்னணி வேலைகளுக்கும் நேரலை ஓட்டத்துக்கும் தனித்தனிச் சேவைகளையும் இயக்க வேண்டும். பலநூறு பேருக்கான சமூகத்தை நடத்துபவருக்கு அது தகும். ஒருவருக்கோ, ஒரு குடும்பத்துக்கோ, சிறு நண்பர் குழுவுக்கோ அது தேவைக்கு மிஞ்சிய சுமை. முதன்முறை சர்வர் வைப்பவருக்கு நான் பரிந்துரைப்பது கோடுசோஷியல். கோ மொழியில் எழுதப்பட்டு, ஏஜிபிஎல் உரிமத்தில் வெளியாகும் இந்தக் கட்டற்ற மென்பொருள் ஒரே ஓர் இயக்கக் கோப்பாகக் கிடைக்கிறது. தரவுத்தளமாக எஸ்கியூலைட்டைப் பயன்படுத்திக்கொண்டால் வேறு எந்தச் சேவையும் வேண்டியதில்லை. 1 ஜிபி நினைவகமும் அதற்கு ஈடான ஸ்வாப் இடமும் உள்ள சிறிய இயந்திரத்தில் இது நிம்மதியாக ஓடும்.

ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. கோடுசோஷியலில் பதிவு எழுதுவதற்கான திரை கிடையாது. அமைப்புகளை மாற்றுவதற்கான பக்கமும், பொதுவில் தெரியும் பயனர் பக்கமும் மட்டுமே உண்டு. எழுதவும் படிக்கவும் மாஸ்டடானுக்காக உருவான செயலிகளையே பயன்படுத்துகிறோம்: ஆண்ட்ராய்டில் டஸ்கி, உலாவியில் பான்பி போன்றவை. நிறுவி முடித்துவிட்டு, எழுதும் பெட்டியைத் தேடி அலைந்து, ஏதோ பழுது என்று நினைத்துக்கொள்பவர்கள் பலர்.

பெயர்: இங்கேதான் நிதானம் வேண்டும்

ஃபெடிவர்ஸில் ஒரு பயனரின் முழு முகவரி, @மலர்@எக்ஸாம்பிள்.ஆர்க் என்பதுபோல, பயனர் பெயரும் டொமைன் பெயரும் சேர்ந்தது. உங்கள் சர்வர் ஒரே ஒருமுறை வெளியுலகத்தோடு பேசிவிட்டால் போதும், இந்த முகவரி பிற சர்வர்களின் தரவுத்தளங்களில் பதிந்துவிடும். அதன்பின் டொமைனை மாற்றினால், பிற சர்வர்களின் பார்வையில் நீங்கள் புதிய ஆள். பழைய ஆள் காணாமற்போனவர். நீங்கள் எழுதிய ஒவ்வொரு பதிவின் அடையாளமும் அந்த டொமைனைத் தாங்கிய இணைய முகவரிதான் என்பதால், தேடி மாற்றும் கட்டளை ஒன்றால் இதைச் சரிசெய்துவிட முடியாது.

ஆகவே டொமைனைத் தேர்ந்தெடுக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தவறில்லை. பத்து ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொண்டே இருக்க மனமும் வசதியும் உள்ள பெயராக அது இருக்கட்டும். முதல் ஆண்டுக்கு மட்டும் மலிவாகக் கிடைத்து, பின்னர் பல மடங்கு உயரும் டொமைன் நீட்சிகளைத் தவிர்த்துவிடுங்கள். வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரோ, இப்போதைய பொழுதுபோக்கின் பெயரோ, ஒரு மென்பொருளின் பெயரோ அதில் வேண்டாம். பின்னால் மென்பொருளை மாற்ற நேர்ந்தால் அந்தப் பெயர் பொருந்தாமல் போய்விடும்.

கோடுசோஷியலின் அமைப்புக் கோப்பில் இதற்கென இரண்டு வரிகள் உள்ளன. "ஹோஸ்ட்" என்பது சர்வர் உண்மையில் இயங்கும் முகவரி. "அக்கவுன்ட்-டொமைன்" என்பது பயனர் பெயருக்குப் பின்னால் காட்டப்படும் முகவரி. எக்ஸாம்பிள்.ஆர்க்கில் ஏற்கெனவே உங்கள் வலைத்தளம் இருந்தால், சர்வரைச் சோஷியல்.எக்ஸாம்பிள்.ஆர்க் என்னும் துணை டொமைனில் இயக்கிக்கொண்டே, பயனர் பெயர் மட்டும் @மலர்@எக்ஸாம்பிள்.ஆர்க் என்று சுருக்கமாகத் தெரியும்படி செய்யலாம். அப்படிச் செய்யும்போது, முதன்மை டொமைனுக்கு வரும் வெப்ஃபிங்கர், ஹோஸ்ட்-மெட்டா, நோட்இன்ஃபோ ஆகிய மூன்று விசாரணைகளையும் துணை டொமைனுக்குத் திருப்பிவிடும் விதியை அந்த வலைத்தளத்தில் எழுத வேண்டும். இந்த இரண்டு வரிகளையும் முதல் இயக்கத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். இது தேவையில்லாதவர்கள் அக்கவுன்ட்-டொமைனை வெறுமையாகவே விட்டுவிடலாம். முதன்முறை அமைப்பவருக்கு அதுவே எளிது.

இயந்திரமும் டிஎன்எஸ்ஸும்

வாடகைக்குக் கிடைக்கும் சிறிய மெய்நிகர் சர்வர் ஒன்றில் டெபியன் 12 அல்லது 13, அல்லது உபுண்டு 24.04 எல்டிஎஸ் நிறுவப்பட்டிருப்பதாகக் கொள்கிறேன். வீட்டிலுள்ள ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியும் போதுமானதே. ஆனால் பல இணையச் சேவையாளர்கள் வீடுகளுக்கு வெளியிலிருந்து அணுகக்கூடிய தனி முகவரி தருவதில்லை என்பதால், தொடங்குபவருக்கு வாடகை இயந்திரமே நல்லது. 20 ஜிபி வட்டு இடம் தொடக்கத்துக்குப் போதும்.

டொமைன் பெயரை இயந்திரத்தின் எண் முகவரியோடு இணைக்கும் டிஎன்எஸ்ஸில் உங்கள் டொமைனுக்கு ஓர் "ஏ" பதிவை உருவாக்கி, சர்வரின் ஐபிவி4 முகவரியைக் கொடுங்கள். ஐபிவி6 முகவரி உண்மையாகவே வேலை செய்கிறது என்று சோதித்துப் பார்த்திருந்தால் மட்டும் "ஏஏஏஏ" பதிவையும் சேருங்கள். வேலை செய்யாத ஐபிவி6 பதிவு ஒன்று இருந்தால், உங்கள் உலாவி சத்தமில்லாமல் ஐபிவி4-க்கு மாறிக்கொண்டு எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். மறையாக்க இணைப்புக்கான சான்றிதழை வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்போ ஐபிவி6 முகவரியையே முதலில் நாடும். உங்கள் கண்ணுக்குத் தெரிகிற சர்வர் சான்றிதழ் வழங்குநருக்குத் தெரியாமல் போவதற்கு இதுவே வழக்கமான காரணம்.

இயந்திரத்துக்குள் நுழைந்ததும் மென்பொருள்களைப் புதுப்பியுங்கள். உங்களுக்கென ஒரு சாதாரணப் பயனரை உருவாக்கி, அவருக்குச் சூடோ உரிமை கொடுங்கள். உங்கள் கணினியில் எஸ்எஸ்எச் திறவி ஒன்றை உருவாக்கிச் சர்வரில் சேர்த்த பிறகு, கடவுச்சொல் வழியாக நுழைவதை எஸ்எஸ்எச் அமைப்பில் நிறுத்திவிடுங்கள். இதைச் செய்யும்போது முதல் முனையச் சாளரத்தை மூடாதீர்கள். இரண்டாவது சாளரத்தைத் திறந்து, திறவியால் நுழைய முடிகிறதா என்று பார்த்த பிறகே முதலாவதை மூடலாம். அடுத்து, யூஎஃப்டபிள்யூ என்னும் எளிய ஃபயர்வாலை நிறுவி, 22, 80, 443 ஆகிய மூன்று போர்ட்களை மட்டும் திறந்துவிடுங்கள். 22-ஐ அனுமதிக்கும் விதியை எழுதிய பிறகே ஃபயர்வாலை இயக்க வேண்டும். பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தாமாக நிறுவப்படுவதற்கு அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ் என்னும் தொகுப்பை நிறுவிவிட்டால் இந்தப் பகுதி முடிந்தது.

கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். "டைம்டேட்சிடிஎல்" கட்டளை, நேரம் ஒத்திசைக்கப்பட்டிருக்கிறது என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு செய்தியின் கையொப்பத்திலும் அனுப்பிய நேரமும் அடங்கியிருப்பதால், கடிகாரம் வெகுவாகத் தவறியிருக்கும் சர்வரின் செய்திகளைப் பிற சர்வர்கள் ஏற்பதில்லை.

கோடுசோஷியலை இறக்கி வைத்தல்

கோடுசோஷியலின் மூலநிரலும் வெளியீடுகளும் கோட்பெர்க் தளத்தில் கிடைக்கின்றன. "யுனேம் -எம்" என்று தட்டச்சு செய்தால் உங்கள் இயந்திரத்தின் வகை தெரியும். எக்ஸ்86_64 என்று வந்தால் ஏஎம்டி64 தொகுப்பையும், ஏஆர்ச்64 என்று வந்தால் ஏஆர்எம்64 தொகுப்பையும் இறக்குங்கள். அதனுடன் வெளியிடப்பட்டிருக்கும் சரிபார்ப்புத் தொகையை ஷா256சம் கட்டளையின் விடையோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம்தான் ஆகும். அதைத் தவிர்க்க வேண்டாம்.

வேர் அடைவின் கீழ் "கோடுசோஷியல்" என்று ஓர் அடைவை உருவாக்கி, தொகுப்பை அதனுள் விரியுங்கள். அதற்குள் "ஸ்டோரேஜ்" என்று இன்னோர் அடைவையும் உருவாக்குங்கள். விரித்த தொகுப்பில் மூன்று முக்கியப் பொருள்கள் இருக்கும்: இயக்கக் கோப்பு, வலைப்பக்கங்களுக்கான "வெப்" அடைவு, மாதிரிக் கோப்புகளைக் கொண்ட "எக்ஸாம்பிள்" அடைவு. மாதிரி அடைவிலிருந்து கான்ஃபிக்.யாமல் என்னும் அமைப்புக் கோப்பை நகலெடுத்து மேலே வையுங்கள். நுழைவு உரிமை இல்லாத கோடுசோஷியல் என்னும் கணினிப் பயனரை உருவாக்கி, இந்த அடைவு முழுவதையும் அவருக்கு உரிமையாக்குங்கள். இணையத்தை நோக்கி நிற்கும் எந்த மென்பொருளையும் ரூட் பயனராக இயக்கக் கூடாது. அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் பாதிப்பு அந்த ஓர் அடைவோடு நிற்க வேண்டும்.

அமைப்புக் கோப்பு

கான்ஃபிக்.யாமல் நீளமான கோப்பு. ஒவ்வொரு வரிக்கும் மேலே விளக்கக் குறிப்பு இருப்பதால், நேரம் இருக்கும்போது முழுவதையும் ஒருமுறை வாசித்துவிடுவது பயன் தரும். யாமல் வடிவத்தில் உள்தள்ளலுக்கு இடைவெளி மட்டுமே செல்லும், டேப் செல்லாது. இப்போதைக்கு மாற்ற வேண்டியவை சிலவே.

"ஹோஸ்ட்" வரியில் உங்கள் டொமைனை எழுதுங்கள். முன்னால் எச்டிடிபிஎஸ் வேண்டாம். "பைண்ட்-அட்ரஸ்" வரியில் 127.0.0.1 என்று மாற்றுங்கள். அப்போதுதான் கோடுசோஷியலை வெளியிலிருந்து நேரடியாக எவரும் அணுக முடியாது. "போர்ட்" 8080 ஆகவே இருக்கட்டும். "டிபி-டைப்" வரியில் போஸ்ட்கிரெஸ் என்று இருப்பதை எஸ்கியூலைட் என்று மாற்றி, "டிபி-அட்ரஸ்" வரியில் தரவுத்தளக் கோப்பின் முழுப் பாதையைக் கொடுங்கள். இந்தக் கோப்பு இயந்திரத்தின் சொந்த வட்டில் இருக்க வேண்டும். வலைப்பின்னல் வழியாக இணைக்கப்பட்ட வட்டில் எஸ்கியூலைட்டை வைப்பது தரவைக் கெடுத்துக்கொள்ளும் வழி. "ஸ்டோரேஜ்-லோக்கல்-பேஸ்-பாத்" வரியில் முன்பு உருவாக்கிய அடைவின் பாதையை எழுதுங்கள். "இன்ஸ்டன்ஸ்-லாங்குவேஜஸ்" வரியில் தமிழுக்கான "டிஏ" குறியீட்டைச் சேர்த்தால், உங்கள் சர்வரின் மொழி தமிழ் என்று பிறருக்குத் தெரியும்.

"ட்ரஸ்டட்-ப்ராக்சீஸ்" என்னும் வரியைத் தனியே கவனியுங்கள். வெளியிலிருந்து வரும் இணைப்புகளை ஏற்று உள்ளே அனுப்பும் மென்பொருளான இடையாளை எந்த முகவரியில் இருந்தால் நம்பலாம் என்று கோடுசோஷியலுக்குச் சொல்லும் வரி இது. நாம் இடையாளை அதே இயந்திரத்தில் வைக்கப்போவதால் இயல்பாக இருக்கும் மதிப்புகளே போதும். இடையாள் வேறு இடத்தில் இருந்து, இந்த வரியும் மாற்றப்படாமல் இருந்தால், உலகம் முழுவதிலிருந்தும் வரும் கோரிக்கைகள் ஒரே முகவரியிலிருந்து வருவதாகச் சர்வர் எண்ணிக்கொள்ளும். ஒரு முகவரிக்கு 5 நிமிடத்தில் 300 கோரிக்கைகள் என்னும் இயல்பான வரம்பு சில நொடிகளில் நிரம்பி, எல்லோருக்கும் 429 என்னும் மறுப்பு போகத் தொடங்கும். "நேற்று வரை ஓடியது, நான்கு பேர் சேர்ந்ததும் நின்றுவிட்டது" என்று வரும் புகார்களைக் கண்டால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எக்ஸாம்பிள் அடைவிலுள்ள சர்வீஸ் கோப்பை, லினக்ஸில் சேவைகளை இயக்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் அடைவுக்கு நகலெடுத்து, அதிலுள்ள பாதைகள் உங்கள் அடைவோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பிறகு "சிஸ்டம்சிடிஎல் எனேபிள்" கட்டளையை "நவ்" என்னும் விருப்பத்தோடு கொடுத்தால் சர்வர் இயங்கத் தொடங்கும். இயந்திரம் மறுதொடக்கமானாலும் தானாக எழுந்துவிடும். "ஜர்னல்சிடிஎல்" கட்டளையால் பதிவேட்டைப் பாருங்கள். முதல் இயக்கத்தில் தரவுத்தள அட்டவணைகள் உருவாவதற்குச் சிறிது நேரம் ஆகலாம். பொறுமையாக இருங்கள்.

சான்றிதழும் இடையாளும்

வெளியிலிருந்து 443-ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு வரும் இணைப்பை ஏற்று, உள்ளே 8080-க்கு அனுப்பிவைக்கும் மென்பொருளையே இடையாள் என்கிறேன். இதற்குப் பலரும் என்ஜின்எக்ஸைப் பயன்படுத்துகிறார்கள். புதியவருக்குக் கேடி என்னும் சர்வரே என் பரிந்துரை. அது டெபியனின் சொந்தத் தொகுப்பகத்திலேயே கிடைக்கிறது. லெட்ஸ் என்கிரிப்டிடமிருந்து சான்றிதழைத் தானே பெற்று, தானே புதுப்பித்துக்கொள்கிறது. அந்தச் சான்றிதழ்கள் வழக்கமாக 90 நாள்களுக்கே செல்லும் என்பதால், புதுப்பிப்பு தானாக நடப்பது பெரிய நிம்மதி. கேடியின் அமைப்புக் கோப்பில் உங்கள் டொமைன் பெயரை எழுதி, வளைந்த அடைப்புக்குள் "ரிவர்ஸ்_ப்ராக்ஸி" என்னும் சொல்லையும் 127.0.0.1:8080 என்னும் முகவரியையும் கொடுத்தால் முடிந்தது.

என்ஜின்எக்ஸ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் என்றால் அதையே பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டு வரிகளை மறக்கக் கூடாது. முதலாவது, வந்த கோரிக்கை எந்த டொமைனுக்கானது என்று சொல்லும் ஹோஸ்ட் தலைப்பை அப்படியே உள்ளே அனுப்பும் வரி. பிற சர்வர்கள் இடும் கையொப்பத்தில் இந்தத் தலைப்பும் அடங்கும். என்ஜின்எக்ஸ் தன் இயல்புப்படி அதை உள் முகவரியாக மாற்றி அனுப்பினால், உள்ளே இருக்கும் கோடுசோஷியலுக்குக் கையொப்பம் பொய்யானதாகத் தெரியும். உலாவியில் பக்கம் அழகாகத் திறக்கும், செயலியில் நுழையவும் முடியும். வெளியிலிருந்து ஒரு செய்திகூட வந்து சேராது. இரண்டாவது, பதிவேற்ற அளவை உயர்த்தும் வரி. என்ஜின்எக்ஸின் இயல்பான வரம்பு 1 எம்பி மட்டுமே. அதை 40 எம்பி என்று உயர்த்தாவிட்டால் சாதாரணப் புகைப்படங்களையே ஏற்ற முடியாது.

சான்றிதழ் கிடைக்கவில்லை என்றால் திரும்பத் திரும்ப முயன்று பார்க்காதீர்கள். ஒரே பெயருக்கு ஒரு மணி நேரத்தில் 5 முயற்சிகள் தோற்றால் லெட்ஸ் என்கிரிப்ட் சிறிது நேரம் கதவை அடைத்துவிடும். டிஎன்எஸ் பதிவையும் 80-ஆம் போர்ட்டையும் மேலே சொன்ன ஐபிவி6 பதிவையும் சரிபார்த்துவிட்டு, பிறகு ஒருமுறை முயலுங்கள்.

முதல் கணக்கு

முதல் பயனரை முனையத்திலிருந்தே உருவாக்க வேண்டும். கோடுசோஷியல் பயனராக மாறி, இயக்கக் கோப்பை அமைப்புக் கோப்பின் பாதையோடு அழைத்து, "அட்மின் அக்கவுன்ட் க்ரியேட்" என்னும் கட்டளையில் பயனர் பெயர், மின்னஞ்சல், கடவுச்சொல் மூன்றையும் கொடுங்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல்லை அது ஏற்காது. பிறகு "அட்மின் அக்கவுன்ட் ப்ரொமோட்" கட்டளையால் அந்தப் பயனரை நிர்வாகியாக்கி, சேவையை ஒருமுறை மறுதொடக்கம் செய்யுங்கள். முனையத்தில் தட்டச்சு செய்த கடவுச்சொல் கட்டளை வரலாற்றுக் கோப்பில் தங்கிவிடும் என்பதால், அமைப்புகள் பக்கத்துக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக அதை மாற்றிவிடுங்கள். பயனர் பெயரும் டொமைனைப் போலவே நிலையானது. பின்னால் மாற்றிக்கொள்ள வழியில்லாத அதை யோசித்துத் தேர்ந்தெடுங்கள்.

பிறர் தாமாகப் பதிவு செய்துகொள்ளும் வசதி இயல்பாக அணைந்தே இருக்கும். அது அப்படியே இருக்கட்டும். திறந்த பதிவோடு கவனிப்பாரற்றுக் கிடக்கும் சர்வர்களைக் குப்பைச் செய்தி அனுப்புபவர்கள் வெகு விரைவில் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன் விளைவாக ஊரெல்லாம் உங்கள் டொமைனைத் தடுத்துவிட்டால், அந்தப் பெயரை மீட்பது கடினம்.

வெளியுலகம் உங்களைக் காண்கிறதா?

முதலில் உலாவியில் உங்கள் டொமைனைத் திறந்து பாருங்கள். அடுத்து, அதே டொமைனின் வெப்ஃபிங்கர் முகவரியில் உங்கள் பயனர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் பெயரைத் தாங்கிய சிறிய ஜேசான் ஆவணம் ஒன்று வர வேண்டும். மூன்றாவது சோதனைக்கு வேறொரு சர்வரில் கணக்கு வைத்திருக்கும் நண்பர் வேண்டும். அவர் தேடல் பெட்டியில் உங்கள் முழு முகவரியை இட்டு, பின்தொடர்ந்து, உங்கள் முகவரியைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதட்டும். நீங்கள் பதில் எழுதுங்கள். உங்கள் பதில் அங்கே தெரிந்து, அவருடைய வரி இங்கே தெரிந்தால் இரு வழியும் திறந்திருக்கிறது. நீங்கள் அனுப்புவது போய்ச் சேர்ந்து, அவர் அனுப்புவது மட்டும் வரவில்லை என்றால் ஃபயர்வாலையும் ஹோஸ்ட் தலைப்பையும் பாருங்கள். எதிர்த்திசையில் சிக்கல் என்றால் கடிகாரத்தைப் பாருங்கள்.

புதிய சர்வரின் காலவரிசை வெறிச்சோடிக் கிடக்கும். இது பழுதன்று. நீங்கள் பின்தொடரும் மனிதர்களின் பதிவுகள், பின்தொடர்ந்த நேரத்திலிருந்து மட்டுமே உங்களுக்கு வந்து சேரும். பழையவை தாமாக வருவதில்லை. முதல் நாளிலேயே இருபது முப்பது பேரைத் தேடிப் பின்தொடருங்கள். சில நாள்களில் வீடு நிறையும்.

தரவுத்தளமே உங்கள் அடையாளம்

என் முதல் சர்வரை அமைத்த வாரத்தில், ஏதோ ஒன்று சரியில்லை என்று நினைத்துத் தரவுத்தளக் கோப்பை அழித்துவிட்டு, அதே டொமைனில் அதே பயனர் பெயரைத் திரும்ப உருவாக்கினேன். வேறு எந்த மென்பொருளிலும் அது சாதாரண வேலை. இங்கே மறுநாளே விசித்திரங்கள் தொடங்கின. ஒரு நண்பரின் சர்வர் என் பதில்களை ஏற்க மறுத்தது. இன்னொருவரின் திரையில் அவர் என்னைப் பின்தொடர்வதாகத் தெரிந்தது. என் சர்வரிலோ அப்படி ஒருவரே இல்லை. இரண்டு நாள் பதிவேட்டைப் படித்த பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு கணக்கின் அந்தரங்கத் திறவியும் தரவுத்தளத்துக்குள்தான் இருக்கிறது. நான் அழித்தது என் கையொப்பத்தை. பழைய பொதுத் திறவியை நினைவில் வைத்திருந்த சர்வர்களின் கண்ணுக்குப் புதிய நான், என் பெயரில் பேசும் அந்நியன். கடைசியில் வேறொரு துணை டொமைனுக்குப் போய்ப் புதிதாகத் தொடங்கினேன்.

ஆகவே, சர்வர் வெளியுலகத்தோடு பேசிய அன்றே காப்புநகலையும் தொடங்கிவிடுங்கள். நகலெடுக்க வேண்டியவை மூன்று: தரவுத்தளக் கோப்பு, கான்ஃபிக்.யாமல், ஸ்டோரேஜ் அடைவில் உங்கள் பயனர்கள் ஏற்றிய படங்கள். பிறருடைய படங்களின் நகல்களும் அதே அடைவில்தான் சேர்கின்றன. அவற்றை மூல சர்வரிலிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள முடியும் என்பதால், இட நெருக்கடி இருந்தால் நகலில் விட்டுவிடலாம். "மீடியா-ரிமோட்-கேஷ்-டேஸ்" என்னும் அமைப்பின் இயல்பான மதிப்பு 7 நாள்கள். வட்டு நிரம்பினால் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் எஸ்கியூலைட் கோப்பைச் சாதாரணமாக நகலெடுக்கக் கூடாது. அண்மையில் எழுதப்பட்டவை பக்கத்திலுள்ள, பெயர் "-வால்" (டபிள்யூஏஎல்) என்று முடியும் கோப்பில் காத்திருக்கக்கூடும் என்பதால் அந்த நகல் குறைபட்டதாக இருக்கலாம். இரவில் சேவையை நிறுத்தி, நகலெடுத்து, மீண்டும் இயக்கும் சிறு ஸ்கிரிப்டைச் சிஸ்டம்டி டைமரில் இடுவதே எளிய வழி. அந்த ஓரிரு நிமிடங்களில் வரும் செய்திகள் தொலைந்துபோவதில்லை; பிற சர்வர்கள் பின்னர் மீண்டும் முயலும். நகலை அதே இயந்திரத்தில் வைக்காமல் வேறோர் இடத்துக்கு மறையாக்கம் செய்து அனுப்புங்கள். திறவிகள் உள்ள கோப்பு என்பதை மறக்க வேண்டாம். மாதம் ஒருமுறை அந்த நகலை உங்கள் கணினியில் திறந்து, எஸ்கியூலைட்டின் முழுமைச் சோதனையை ஓட்டிப் பாருங்கள். ஆனால் மூலச் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது, நகலைக் கொண்டு இன்னொரு கோடுசோஷியலை இணையத்தில் இயக்கிவிடாதீர்கள். ஒரே பெயரில் இருவர் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

புதுப்பித்தல், தடுத்தல், மூடுதல்

புதிய பதிப்பு வெளிவரும்போது அதன் வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் படியுங்கள். சேவையை நிறுத்துங்கள், காப்புநகல் எடுங்கள், இயக்கக் கோப்பையும் வெப் அடைவையும் சேர்த்தே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பக்கங்கள் உடைந்து தெரியும். பிறகு இயக்குங்கள். சில பதிப்புகள் தரவுத்தளத்தின் அமைப்பையே மாற்றியெழுதும்; பெரிய தரவுத்தளத்தில் இதற்கு வெகுநேரம் பிடிக்கலாம். பதிவேட்டில் அசைவு இல்லையே என்று நடுவில் நிறுத்திவிடாதீர்கள். பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டுமானால் அதற்கு முந்தைய காப்புநகல் ஒன்றே வழி.

தொல்லை தரும் சர்வர்களை அமைப்புகள் பக்கத்திலிருந்தே டொமைன் அளவில் தடுக்கலாம். பிறர் தொகுத்த தடைப்பட்டியல்களை இறக்குமதி செய்யும் வசதியும் உண்டு. நான் சிறு பட்டியலோடு தொடங்கி, ஒவ்வொரு பெயரையும் ஏன் தடுத்தேன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைக்கிறேன். முன்பின் தெரியாதவரின் நீண்ட பட்டியலை அப்படியே ஏற்றினால், உங்கள் பயனர்களின் நண்பர்களும் அதில் சேர்ந்து மறைந்துபோகலாம். அவர்கள் ஏன் காணாமற்போனார்கள் என்று உங்கள் பயனர்களுக்குத் தெரியாது.

என்றாவது சர்வரை மூட முடிவு செய்தால், இயந்திரத்தைத் திடீரென்று அணைத்துவிடாதீர்கள். உங்களோடு இருப்பவர்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே சொல்லுங்கள். வேறு சர்வரில் கணக்கு தொடங்கி, இடமாற்ற வசதியைப் பயன்படுத்தினால் பின்தொடர்பவர்கள் அங்கே சென்றுவிடுவார்கள். பதிவுகள் மட்டும் போகாது என்பதையும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லுங்கள். பிறகு கணக்குகளை முறைப்படி நீக்குங்கள். ஒவ்வொரு நீக்கமும் பிற சர்வர்களுக்கு அறிவிக்கப்படுவதால், அந்த அறிவிப்புகள் போய்ச் சேரச் சில நாள்கள் சர்வரை ஓடவிடுங்கள். டொமைனை மட்டும் இன்னும் சில ஆண்டுகள் புதுப்பித்துக் கையில் வைத்திருங்கள். காலாவதியான பெயரை வாங்கும் எவரும் உங்கள் பழைய பயனர்களின் முகவரியில் பேசத் தொடங்கிவிட முடியும்.